இதயக் காந்தமும் இரயில் தடமும்

இதயத் தசையில் ஓடும் மின்னோட்டம் காந்தப் புலத்தையும் தோற்றுவிக்கிறது. புவியின் காந்தப் புலத்தில் அது ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் பௌல், மெக்ஃபீ என்னும் இருவர், இலட்சக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருளால் அதனை முதன்முதலில் பதிவு செய்தனர். 1970ஆம் ஆண்டளவில் 'ஸ்குவிட்' என்னும் மீக்கடத்தி உணர்வி இப்பணிக்கு வந்து சேர்ந்தது.

நமக்கு அண்மையிலுள்ள கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலார் இவ்வுணர்வியைத் தாமே உருவாக்கி, இதயத்தையும் மூளையையும் ஆராயும் கருவிகளை அமைத்துள்ளனர். அணுவுலைக்குப் பெயர்பெற்ற ஊரில் இப்பணியும் நடப்பதை நம் மாணவருள் பலர் அறியார்.

இ.சி.ஜி. இருக்க இஃது எதற்கு என்பார் உளர். ஏழு, எட்டாம் மாதங்களில் கருவிலுள்ள குழவியின் மேனியைப் போர்த்தும் வெண்பூச்சு, அதன் இதய மின்குறியைப் பெரிதும் தடுத்துவிடும். காந்தப் புலத்தைத் தடுக்காது. தாளம் தவறித் துடிக்கும் அப்பிஞ்சு இதயத்தின் நிலையை அறிய இவ்வழி துணைசெய்யும். இவ்வொன்றே போதாதா?

ஆயின், ஸ்குவிட் உணர்வி சுழிக்குக் கீழ் 269 பாகைக் குளிருடைய திரவ ஹீலியத்தில் மூழ்கியிருத்தல் வேண்டும். புறக் காந்தத்தை மறைக்கும் உலோக அறையும் வேண்டும். எளிய மருத்துவமனை இச்செலவைத் தாங்குமா? ஹீலியம் வேண்டாத, அணு ஆவியில் ஒளி பாய்ச்சி அளக்கும் உணர்விகளும் இன்று வந்துள்ளன. அவற்றுள் மிக நுண்ணியவையோ புவிக்காந்தத்தையே அடக்கிய இடத்தில்தான் இயங்குகின்றன.

மும்பையில் மின் டிராம் வரவிருந்ததை முன்னிட்டு, கொலாபா காந்த ஆய்வு நிலையத்தின் பணிக்காக 1904இல் அலிபாக்கில் புதிய நிலையம் கண்டனர். தாம்பரத்து மருத்துவமனை அவ்வாறு ஊர்விட்டுப் போக இயலுமா? 1931 முதல் இத்தடத்தில் மின்வண்டி ஓடுகிறது. ஆகவே, உணர்வியின் நுண்மையைப் பெருக்குவதினும், இவ்விரைச்சலிடையே அதனைப் பணிசெய்ய வைப்பதே முதற்கடமை என்பது என் கருத்து. எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களை இணைத்தால், தொலைவிலிருந்து வரும் கலக்கம் இரண்டிலும் ஒத்து விழுந்து தம்முள் கழிந்துவிடும். அருகிலுள்ள இதயத்தின் குறி எஞ்சும். அவ்வுத்தி முன்பே உண்டு. அதனை நம் தெருக்களுக்கு ஏற்பச் செப்பம் செய்தல் வேண்டும்.

அதற்கு முன், பல்லாவரம் முதல் வண்டலூர் வரை எங்கே, எந்நேரத்தில், எவ்வளவு காந்தக் கலக்கம் என்று அளந்தாக வேண்டும். எளிய காந்தமானியும், கடைசி வண்டி போகும்வரை விழித்திருக்கும் நான்கு இயற்பியல் மாணவரும் இருந்தால் அதனைத் தொடங்கிவிடலாம்.