உதவித்தொகையும் ஒளிபரப்பும்

ஜான் ஹம்ப்ரிஸ் என்னும் கீர்த்தி வாய்ந்த செய்தியாளரைக் கொண்டு, வேலையற்றோர் முதலியோருக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் தரும் உதவித்தொகையின் எதிர்காலத்தைப் பற்றி பி.பி.சி. 2011 அக்டோபரில் ஒளிபரப்பிய நிகழ்ச்சியானது, துல்லியம், நடுநிலை ஆகிய தன் சொந்த விதிகளுக்கே விரோதமானது என்று, வந்த முறையீடுகளை விசாரித்த அந்த ஸ்தாபனத்தின் அறங்காவலர் குழு 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது.

ஹம்ப்ரிஸ், தாம் பிறந்த கார்டிஃப் நகரத்து ஸ்ப்ளாட் பகுதிக்கே சென்று, அங்குள்ளோரின் வாய்மொழியைப் படம் பிடித்தார். அவர்கள் பொய் சொன்னதாக எவரும் குற்றம் சாட்டவில்லை. ஆனால், வேலைக்குப் பஞ்சமில்லை, மனமில்லாதவர்களே மலிந்துள்ளனர் என்ற அபிப்பிராயத்தை ஜனங்கள் மனத்தில் ஊன்றக்கூடிய காட்சிகளை அடுக்கிவிட்டு, அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கத் தேவையான புள்ளிவிவரங்களைத் தராமல் விட்டதே பிசகு. வாய்மொழி சுவாரசியமானது, புள்ளிவிவரம் தூக்கம் வரவழைப்பது என்பதை நாமும் அறிவோம். எனினும் அது சமாதானமாகாது.

உதவித்தொகை பெறுவோரைப் பற்றிய இத்தகைய பிரமை எவ்வளவு தூரம் வேரோடியிருந்தது என்பதை, 2012 இறுதியில் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் எடுப்பித்த கருத்துக்கணிப்பு பிரத்தியட்சமாகக் காட்டிற்று: உதவித்தொகையில் நூற்றுக்கு 27 பங்கு மோசடியில் போகிறதென்று ஜனங்கள் எண்ண, சர்க்காரின் மதிப்பீடோ நூற்றுக்கு 0.7 மாத்திரமே.

தீர்ப்பு வர ஏறக்குறைய 21 மாதங்கள் ஆயின. அதற்குள், 2012 மார்ச்சிலேயே, உதவித்தொகைகளைக் குறுக்கும் சீர்திருத்தச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறி, அரசியாரின் சம்மதமும் பெற்றுவிட்டது.