தீர்ப்பைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுங்கள்

உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த அருட்பணியாளர் ஜோசப் பழனிவேல் ஜெயபால், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றியபோது பதின்வயதுச் சிறுமி ஒருவரிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை 2015இல் அங்குள்ள நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து ஊர் திரும்பியவர் மீதிருந்த பணித்தடையை 2016இல் உதகை ஆயர் விலக்கினார். உரோமையைக் கலந்தாலோசித்தே அது நடந்தது. எந்தச் சான்றுகளை எடைபோட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று விளக்கும் தீர்ப்பு எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. திருச்சபை நீதிமுறையின் பெரிய குறை இதுவே.

வாலாஜாபேட்டையிலிருந்து காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் ஒரு தாய், மகளுக்கு நேர்ந்த கொடுமையைத் திருச்சபையிடம் முறையிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருநாள் கூலியை இழந்து வேலூர் ஆயர் இல்லத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கிறார். ஆயர் முதற்கட்ட விசாரணை நடத்தி, கோப்பை உரோமையின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறைக்கு அனுப்புவார். நீதிபதிகள் அமர்ந்து விசாரிப்பதா, நிர்வாக ஆணையோடு முடிப்பதா என்று அங்கே முடிவாகும். வழக்கு நடந்தால், குற்றம் சாட்டும் பொறுப்பு திருச்சபையே நியமிக்கும் அதிகாரிக்கு. குருவுக்கு வழக்கறிஞர் உண்டு. மகளோ வெறும் சாட்சி. இழப்பீடு கோரி இணைந்தாலொழிய அவள் ஒரு தரப்பே அல்ல. கோப்பைப் பார்க்கவோ, மேல்முறையீடு செய்யவோ அவளுக்கு உரிமை கிடையாது. அவள் உடலுக்கு இழைத்த குற்றத்தை விசாரித்துவிட்டு, முடிவை அவளிடம் சொல்லாமல் விடுவதை எந்த மனசாட்சி ஏற்கும்?

திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் நடந்த மாற்றங்களை மனதார வரவேற்கிறோம். 2019 டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்கு இருந்த ‘திருத்தந்தை இரகசியம்’ என்னும் கடும் இரகசியக் காப்பு விதி நீக்கப்பட்டது. புகார் தருபவர் வாய் திறக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தவும் இனி முடியாது. 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம், சிறார் மீதான வன்முறையை மனித மாண்புக்கு எதிரான குற்றங்களில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் தீர்ப்பு வழக்கம்போல் அலமாரிக்குள்தான் கிடக்கிறது.

பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காக்கத்தான் இந்த மௌனம் என்கிறார்கள். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ நீதிமன்றங்களும் மூடிய அறையில்தான் விசாரிக்கின்றன. ஆயினும் பெயரை மறைத்து எழுதிய தீர்ப்பு வெளியே வருகிறது. காரணங்களை யாரும் படிக்கலாம். சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த அருட்பணியாளர் ராபின் வடக்கும்சேரிக்குக் கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றம் 2019இல் இருபது ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது அப்படித்தான். அதன் பிறகே அவர் குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டார்.

திருச்சபை நீதிமன்றம் எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. குருத்துவ நிலையிலிருந்து நீக்குவதே அதன் உச்ச தண்டனை. சிறுமி மீதான குற்றம் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆயருக்கும் பங்குத்தந்தைக்கும் அதில் விலக்கில்லை. ஆகவே புகார் வந்த அன்றே அதன் நகல் காவல் நிலையம் போக வேண்டும். திருச்சபை விசாரணை முடிந்ததும், காரணங்களோடு கூடிய தீர்ப்பைப் புகார் தந்தவருக்குத் தமிழில் எழுத்துவடிவில் கொடுக்க வேண்டும்; பெயர்களை மறைத்து மக்களுக்கும் வெளியிட வேண்டும். இதற்கு உரோமையின் அனுமதி தேவையென்றால், தமிழக ஆயர் பேரவை கேட்டுப் பெறட்டும்.