"நடக்காது, விடு" என்பவர்களுக்கு

ரொறன்ரோவில் கோட் எழுதப் பழகும் எங்கட பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் வசனம் இது: "அப்படியெல்லாம் நடக்காது, விடு." கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

லினக்ஸ் கெர்னலைப் பாருங்கள். எந்தச் செயலிகள் இயங்குகின்றன என்பதை அது 0, 1 பிட்களாக வரிசையில் வைத்திருக்கும். 64 பிட் கணினியில் ஒரு பெட்டிக்கு 64 பிட். உங்களுக்கு 70 வேண்டுமென்றால் இரண்டு பெட்டி. இரண்டாவதில் 6 மட்டும்தான் உங்களுடையது. மிச்சம் 58 இலும் குப்பை கிடக்கலாம். அதில் ஒரு 1 இருந்தால், கவனமில்லாத கோட் இல்லாத 75ஆம் செயலியைக் கண்டுபிடித்துத் தரும்! கெர்னலின் தேடல் கோட் விடையை 70க்கு மேல் போக விடாது. அதற்கு ஒரேயொரு சின்ன ஒப்பீடு போதும்.

1 எதுவுமே கிடைக்காவிட்டாலும் 70 என்றுதான் திருப்பித் தரும். எண்கள் 0 முதல் 69 வரைதானே, ஆகவே 70 என்றால் "இல்லை". அதைப் பார்க்காமல், 70 இடம் மட்டுமே உள்ள வேறொரு பட்டியலில் அந்த எண்ணை வைத்து எழுதினால் பக்கத்து நினைவகம் நாசமாகலாம்.

"அளவு 0 என்றால்? தொடக்கமே அளவைத் தாண்டினால்?" என்று மீளாய்வில் கேட்பவளை நச்சரிப்புக்காரி என்கிறார்கள். உண்மையில் வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

அப்பாவின் பெயர் ஏதோவொரு படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டதைப் பார்த்திருப்பீர்களே? அங்கேயும் யாரோ "நடக்காது, விடு" என்றிருக்கிறார்.

64ஐ மட்டும் சோதித்துவிட்டு "ஓகே" போடுபவரிடம் 0, 63, 65 மூன்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.