பாத்துச் செய் பிள்ளை

இந்த முறை கார் விற்கிற கதை. நோர்வேயில் 2024இல் பதிவான புதுக் கார்களில் 88.9 வீதம் மின்சாரக் கார்கள். எங்கட வீடுகளிலும் முதலாவது மின்சாரக் காரை விற்று இரண்டாவதுக்கு மாறுகிற காலம் வந்திட்டுது. பழசுக்கு என்ன விலை போடுறது?

எங்களிட்ட இருக்கிறது 2017ஆம் ஆண்டு ஈ-கோல்ஃப். கணவர் வாங்கின விலையில் தொடங்கி, வருசத்துக்கு இவ்வளவு என்று கழிச்சுக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. 2023 தை மாதம் ரெஸ்லா தன் புதுக் கார்களின் விலையை நோர்வேயிலும் குறைச்சது ஞாபகம் இருக்கும். அதுக்கு முதல் மாதம் முழு விலைக்கு வாங்கினவையின்ர காரில் ஒரு கீறலும் விழவில்லை, ஆனாலும் மதிப்பு இறங்கிட்டுது. நாங்கள் எவ்வளவு குடுத்தனாங்கள் என்பது வாங்க வாறவருக்குத் தேவையில்லாத கதை.

எல்லாரும் போய்ப் பாக்கிறது ஃபின் தளத்தைத்தான். நானும் பாத்தன். ஒரே வருசம், கிட்டத்தட்ட ஒரே கிலோமீற்றர், விலை மட்டும் 95,000 குரோனரில் இருந்து 139,000 வரைக்கும். ஆனால் அதெல்லாம் கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. மேல்விலை போட்ட கார்கள் கிழமைக்கணக்கா அங்கேயே நிற்கும். கார் வியாபாரிகளின் விலையையும் ஒதுக்கிப் பாருங்கோ. அவையிட்ட வாங்கினால் ஐந்து வருசம் வரைக்கும் முறைப்பாடு செய்கிற உரிமை கிடைக்கலாம். அந்தப் பொறுப்புக்கும் சேர்த்துத்தான் அவை விலை போடுகினம்.

பிறகு காரையே பாக்கவேணும். ஈ-கோல்ஃப் பற்றறிக்கு உத்தரவாதம் 8 வருசம் அல்லது 160,000 கிலோமீற்றர். எங்கடது முடிஞ்சுது. விளம்பரப் புத்தகத்தில் 300 கிலோமீற்றர் ஓடும் என்று இருந்தது. மாசி மாதக் குளிரில், சூடும் போட்டு, எங்களுக்கு 150 ஓடினாலே சந்தோசம். குளிர்கால ரயரின் தடிப்பு சட்டப்படி 3 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. எங்கட ரயர் அந்த அளவுக்குக் கிட்ட வந்திட்டுது. பின் பிரேக் தட்டில் கறள். மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைக்கிறபடியால் பிரேக் தட்டுக்கு வேலை குறைவு, வீதியில கொட்டுற உப்பு வேற, கறள் பிடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு வருசத்துக்கு ஒருக்கா வாற ஈயூ பரிசோதனையில் பிடிபடுகிற சாமான் இது. திருத்துகிற செலவைக் கேட்டு எழுதி, விலையில கழிச்சன். 109,000இல் வந்து நின்றது.

"பத்தாயிரம் கூட்டிப் போடு, எங்கட ஆக்கள் எப்படியும் குறைச்சுக் கேப்பினம்" என்றார் கணவர். 110,000 வரைக்கும் என்று தேடுகிறவரின் திரையில் 119,000 வராதே! அதோட சட்டமும் இருக்கு. தனியாள் தனியாளுக்கு விற்றால் 1988ஆம் ஆண்டுக் கொள்வனவுச் சட்டம். "உள்ளபடியே விற்கிறன்" என்று எழுதிக் கையெழுத்து வைச்சாலும் தப்பேலாது. குடுத்த விலையையும் மற்றச் சூழ்நிலையையும் வைத்து வாங்கினவர் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கார் பெரிதும் மோசமாக இருந்தால் அது குறைபாடுதான் என்கிறது 19ஆவது பிரிவு. தெரிஞ்ச முக்கியமான பழுதைச் சொல்லாமல் விட்டாலும் அப்படித்தான். முறைப்பாடு இரண்டு வருசம் வரைக்கும் வரலாம். நாங்கள் போடுகிற விலையே காரைப் பற்றி ஒரு கதை சொல்லுது. கூட்டிப் போட்டால் அந்தக் கதைக்கும் நாங்கள்தான் பொறுப்பு.

அப்பாவின்ர பிரச்சினை வேற. குரூருட்டில் இருக்கிற எங்கட மாமா ஒருத்தர் மகனுக்குக் கார் தேடுறார். "பாத்துச் செய் பிள்ளை, வெளி ஆக்களுக்குச் சொல்லுற விலையைச் சொல்லாதை" என்று அப்பா மூன்று தரம் எடுத்திட்டார். எண்பதுகளில் வந்தவைக்கு இது சின்ன விசயம் இல்லை. ஆளுக்காள் கைகுடுத்துத்தான் இங்க காலூன்றினவை. ஆனால் சொந்தத்துக்குள்ள நடக்கிற கார் வியாபாரங்களில் நான் கண்டது, 5,000 குறைச்சுப்போட்டுப் பழுதைச் சொல்லாமல் விடுகிறதுதான். பிறகு கலியாண வீட்டில முகம் பாக்காமல் திரிவினம்.

நான் மாமாவுக்கும் 109,000 என்றுதான் சொன்னன். கறள், ரயர், குளிரில் ஓடுகிற தூரம் எல்லாத்தையும் முதலே சொல்லிப்போட்டு, விரும்பினால் நாஃப் சங்கத்தில் ஒருக்கா சோதிப்பியுங்கோ, செலவு என்ர என்றன். நான் குடுக்கிற கழிவு அதுதான். நுகர்வோர் சபையின் ஒப்பந்தப் படிவத்தையும் நிரப்பி அனுப்பினன்.

"சொந்தத்துக்குள்ள கடுதாசி என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"அது உங்களுக்குத்தான் மாமா, வடிவா வாசிச்சுப் பாருங்கோ" என்றன். மகனிட்டக் குடுத்து வாசிப்பிக்கிறாராம்.