இரண்டு புரி வித்தியாசம்

சென்ற சனிக்கிழமை வட்டுக்கோட்டையிலுள்ள எமது வீட்டுக்கு மாணவனொருவன் தன் பாட்டனாரின் பழைய றலி துவிச்சக்கரவண்டியை உருட்டி வந்தான். கைபிடி திரும்பும்போது நேர்நிலையில் தடக்கி நின்றது. பட்டணத்தில் புதிய கழுத்துக் கிண்ணங்களும் சுரையும் வாங்கிவிட்டான். சுரைதான் இறங்க மறுத்தது. "சேர், பெரிய ஸ்பானர் ஒன்று தருவீர்களா?" என்று கேட்டான். நாம் கொடுக்கவில்லை.

காரணத்தைக் கூறுவோம். 1990 ஆம் ஆண்டில் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டபோது நாம் பள்ளிச் சிறுவர். துவிச்சக்கரவண்டியே அன்று யாழ்ப்பாணத்தின் லொறியும் காருமாயிற்று. எமது தந்தையாரிடமும் ஒரு றலி இருந்தது. அதன் கழுத்துச்சுரை தேய்ந்தபோது, வேறொரு வண்டியின் சுரையை எமது முழுப் பலத்தையும் கொண்டு நாமே முறுக்கி ஏற்றினோம். நன்றாக இறுகியதென்று பெருமையும் கொண்டோம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. எமது குடும்பத்தின் அரிசி, பாய், பாத்திரம் அனைத்தும் அந்த வண்டியிலேயே இருந்தன. நாவற்குழியை அண்மியபோது சுரை கழன்று கைபிடி ஆடத் தொடங்கியது. தந்தையார் தம் சால்வையைக் கிழித்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, முன்புறத்தைத் தாங்கியபடியே விடியும்வரை நடந்தார். எம்மை ஒரு வார்த்தையும் ஏசவில்லை.

பிழை எங்கே என்பதைப் பல்லாண்டு கழித்தே அறிந்தோம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் உருவான றலி வண்டிகளின் கழுத்துத்தண்டில் அங்குலத்துக்கு 26 புரிகள் வெட்டப்பட்டன. பிற்காலத்தில் உலகில் பொதுவாக வழங்கியதோ 24 புரி. இரண்டுக்கும் விட்டம் ஓர் அங்குலமே; ஆதலால் கண் ஏமாறும். பலவந்தமாக முறுக்கினால் சுரை ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் தண்டின் புரியை அது அரைத்துவிடும். ஹம்பர் 1932 இலும் றட்ஜ் 1943 இலும் றலி நிறுவனத்தின் வசமாயின. ஆகவே அவற்றைத் திருத்துவோரும் புரியை எண்ணிப் பார்த்தல் நன்று.

எண்ணுவது எளிது. அடிமட்டத்தை அரை அங்குல நீளத்துக்குத் தண்டின்மீது வையுங்கள். புரிகள் 13 ஆயின் பழைய றலி. 12 ஆயின் பொது அளவு. மாணவன் எண்ணினான், 13 வந்தது. அவன் வாங்கியது 24 புரிச் சுரை.

முன்கவரையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னோம். சுரை விரலாலேயே சுழன்று இறங்கவேண்டும். கிண்ணங்களும் சட்டத்தின் குழாய்க்கு அளவாயிருக்க வேண்டும். குண்டுகளை நெருக்கி நிரப்பாமல், ஒரு குண்டுக்குரிய இடைவெளி விட்டுக் கிறீஸ் இடுதல் வேண்டும். பூட்டியபின் முன்சக்கரத்தைத் தூக்கினால் கைபிடி தானாகவே ஒருபுறம் சாயவேண்டும். முன்பிறேக்கைப் பிடித்து வண்டியை அசைத்தால் கழுத்து ஆடலாகாது.

மறுநாள் மாலை அவன் அந்த வண்டியிலேயே வந்திறங்கினான். முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டினான். கைபிடி மெல்லச் சாய்ந்தது. எமது தந்தையாரின் சால்வை நினைவுக்கு வந்தது.

மாணவர்களே, விரலுக்கு இறங்காத சுரையைப் பலத்தால் இறக்காதீர்கள். முதலில் எண்ணிப் பாருங்கள்.