சிகரத்திற்கு நூறு மீட்டர் கீழே



பாறையில் ஏறுவது ஒரு கலை. பனியில் சறுக்கிச் செல்வது மற்றொரு கலை. கரடுமுரடான மலைப்பாதையில் மிதிவண்டி செலுத்துவது வேறொரு கலை. இம்மூன்றிலும் ஒருசேரத் தேர்ச்சி பெற்ற வீரர்கள் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைப்பகுதிகளில் பலர் உள்ளனர். குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பலகைகளோடு மலையேறுவார்கள். பனி உருகியதும் ஓட்டம், பாறையேற்றம், மிதிவண்டி எனத் தொடர்வார்கள். ஆண்டு முழுவதும் இதயத்திற்கும் நுரையீரலுக்கும் பயிற்சி கிடைக்கிறது. ஓடும்போது முழங்கால் தாங்கும் அதிர்ச்சி, மிதிவண்டியிலும் பனியிலும் குறைகிறது.

சறுக்குப் பலகையைக் கொண்டு மேலே ஏறுவது எப்படி என்று நீங்கள் வியக்கலாம். பலகையின் அடியில் மயிருள்ள பட்டை ஒன்றை ஒட்டுகிறார்கள். மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னே நகரும், பின்னே வழுக்காது. முற்காலத்தில் இதற்குச் சீல் என்னும் கடல்விலங்கின் தோல் பயன்பட்டது. உச்சியை அடைந்ததும் பட்டையைக் கழற்றிவிட்டுச் சறுக்கியபடியே இறங்குவார்கள்.

"எல்லாம் சரி, உயிரைப் பணயம் வைத்து இப்படியும் ஒரு விளையாட்டா?" என்று நம் இல்லத்துப் பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காணச் சிலரது வரலாற்றைப் பார்ப்போம்.

இலக்கு கண்ணெதிரே இருந்தது

ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்தவர் யோரான் க்ரோப். எவரெஸ்ட் சிகரத்தைப் பிறர் உதவியின்றித் தம் சொந்த உழைப்பால் மட்டுமே அடைய வேண்டும் என்று உறுதி பூண்டார். விமானத்தில் ஏறாமல், 1995 அக்டோபரில் ஸ்வீடனிலிருந்து மிதிவண்டியிலேயே நேபாளத்திற்குப் புறப்பட்டார். நூறு கிலோவுக்கும் மேற்பட்ட சுமையுடன் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம்! மலையடிவார முகாமுக்கும் தம் பொருள்களைத் தாமே சுமந்து சென்றார்.

1996 மே மாதத் தொடக்கத்தில், தொடையளவு பனியில் போராடியபடி ஏறினார். உச்சிக்கு இன்னும் சுமார் நூறு மீட்டர்தான் எஞ்சியிருந்தது. ஆனால் நேரம் பிற்பகலாகிவிட்டது. தொடர்ந்து ஏறினால் உச்சியை அடைந்துவிடலாம், இறங்கும்போது இருட்டிவிடும். அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே என்பதால், மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் மிகக் குறைவு. உடல் தளர்ந்து, சிந்தனையும் மங்கும். க்ரோப் திரும்பிவிட்டார்.

எண்ணிப் பாருங்கள்! அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்து வந்தவர், கண்ணெதிரே தெரிந்த இலக்கை விட்டுவிட்டு இறங்குவதற்கு எத்தகைய மனவலிமை வேண்டும்!

அடுத்த சில நாள்களில், மே 10, 11 தேதிகளில், அம்மலையில் புயல் வீசியது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். பிற்பகல் வெகுநேரம் வரை உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. க்ரோப் காத்திருந்தார். மே 23 அன்று, செயற்கைப் பிராணவாயுவின் துணையின்றி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். பின்னர் மீண்டும் மிதிவண்டியிலேயே தாயகம் நோக்கிப் புறப்பட்டார்.

மூவர் ஒரே கயிற்றில்

சுவிட்சர்லாந்தில் செர்மாட் நகரிலிருந்து வெர்பியே வரை நடைபெறும் பனிச்சறுக்கு மலையேற்றப் போட்டி புகழ் பெற்றது. அந்நாட்டு இராணுவம் 1943இல் தொடங்கிய இப்போட்டியில் மூன்று பேர் ஓர் அணியாகப் புறப்படுவார்கள். 1949இல் ஓர் அணியினர் மூவரும் பனியாற்றின் பிளவில் விழுந்து மாண்டனர். அரசு போட்டியைத் தடை செய்தது. மீண்டும் அனுமதி கிடைத்தது 1984இல்தான். வெறும் வேகத்திற்கு அங்கே மதிப்பில்லை. கயிற்றால் பிணைக்கப்பட்டவர்களுள் ஒருவர் தளர்ந்தால் மற்ற இருவரும் நடையைக் குறைத்தே ஆகவேண்டும். ஒருவர் காட்டும் அவசரம் மூவரையும் வீழ்த்திவிடும்.

மலைவிடுதியில் வளர்ந்த பிள்ளை

நம் காலத்தில் இத்துறையில் முதன்மையாகப் பேசப்படுபவர் ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த கிலியன் ஜோர்னெட். 1987இல் பிறந்தவர். தந்தை மலை வழிகாட்டி; தாய் ஆசிரியை. பிரனீஸ் மலையில் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், தந்தை பொறுப்பேற்றிருந்த மலைவிடுதியிலேயே குழந்தைப் பருவம் கழிந்தது. மலையை அச்சமின்றியும் அலட்சியமின்றியும் அணுகும் பழக்கம் பெற்றோரிடமிருந்து வந்தது.

பின்னாளில் பனிச்சறுக்கு மலையேற்றத்திலும் மலையோட்டத்திலும் உலகப் பட்டங்களை வென்றார். 2017 மே மாதத்தில் ஒரே வாரத்தில் இருமுறை, செயற்கைப் பிராணவாயுவின்றி எவரெஸ்ட் ஏறினார். 2024 ஆகஸ்டில், ஆல்ப்ஸ் தொடரில் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட 82 சிகரங்களையும் 19 நாள்களில் ஏறி முடித்தார். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு மோட்டார் வாகனம் எதையும் நாடாமல், கால்நடையாகவும் மிதிவண்டியிலுமே சென்றார். இதே 82 சிகரங்களைச் சுவிட்சர்லாந்தின் ஊலி ஸ்டெக் 2015இல் 62 நாள்களில் ஏறியிருந்தார்.

இத்தகைய வீரரும் 2023இல் எவரெஸ்டின் மேற்கு முகட்டில் தனியே ஏறுகையில் பனிச்சரிவில் சிக்கி, சுமார் 50 மீட்டர் இழுத்துச் செல்லப்பட்டார். உயிர் தப்பினார். உடனே முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார். உலகமே தம்மைக் கவனிக்கிறதே என்று அவர் தயங்கவில்லை.

மறைக்கலாகாத உண்மை

ஆனால், திறமை மட்டுமே காவல் என்று எண்ணிவிடலாகாது. 2012 ஜூனில் மோன் பிளாங் மலைத்தொகுதியைக் கடக்கையில், ஜோர்னெட்டின் தோழரும் பனிச்சறுக்கு மலையேற்ற வீரருமான ஸ்டெஃபான் ப்ரோஸ், காலடியில் பனிவிளிம்பு உடைந்ததால் வீழ்ந்து மாண்டார். ஊலி ஸ்டெக் 2017 ஏப்ரலில் நேபாளத்தின் நுப்ட்சே மலையில் விழுந்து தம் 40ஆம் வயதில் மறைந்தார். எவரெஸ்டில் அத்துணை நிதானம் காட்டிய க்ரோப், 2002இல் அமெரிக்காவில் ஒரு பாறையேற்றத்தின்போது தவறி விழுந்து 35ஆம் வயதில் இறந்தார். அது எவரெஸ்டன்று, சாதாரணப் பாறைதான்.

ஆகவே, பெரியவர்களின் கேள்வியை நாம் புறக்கணிக்கத் தேவையில்லை. உடலும் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். புகழுக்காகவோ பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவோ அதைப் பணயம் வைப்பது வீரமாகாது. அதே நேரத்தில், பல்லாண்டுப் பயிற்சி, எளிய உணவு, அதிகாலையில் எழும் வழக்கம், இயற்கையிடம் பணிவு ஆகியவற்றால் உருவான இவர்களது வாழ்க்கையை வெறும் பித்து என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

பெற்றோர்களே!

'முயன்றால் முடியாதது இல்லை' என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்கிறோம். நல்லதுதான். 'எங்கே நிறுத்த வேண்டும்' என்பதைச் சொல்லித் தருகிறோமா? கடன்மேல் கடன் வாங்கி நட்டத் தொழிலைத் தொடரும் இளைஞனுக்கும், தனக்குப் பொருந்தாத படிப்பில் உழன்று மனம் நொந்து நிற்கும் மாணவிக்கும், திரும்பி வந்தால் வீட்டில் ஏளனம் காத்திருக்கும் என்ற அச்சமே பெருந்தடையாக இருக்கிறது. 'பாதியில் விட்டு வந்தவன்' என்ற ஒரு சொல், ஒரு பிள்ளையை இருட்டிலும் மேலே ஏறவே தூண்டும்.

நூறு மீட்டருக்குக் கீழே நின்று திரும்பிய மனிதருக்கு மூன்று வாரங்களில் மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. உயிரோடு இறங்கி வந்ததால்தான் அது கிடைத்தது. உங்கள் பிள்ளை எந்த மலையிலிருந்து எந்த நேரத்தில் திரும்பி வந்தாலும், கதவைத் திறந்து "வா" என்று சொல்லுங்கள். மறுமுறை ஏறுவதற்குரிய வலிமை அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.