கோடு கிழித்தவர் யார்?



"வீட்டில் உடுதுணி எத்தனை?"

இது ஜவுளிக் கடைக்காரர் கேட்ட கேள்வியன்று. ஏழை யார் என்று கண்டறிய, 2002-இல் மத்திய அரசு சிற்றூர்தோறும் கேட்கச் சொன்ன கேள்வி! நிலம், வீடு, உணவு, கடன் என 13 இனங்கள். ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் 4 வரை மதிப்பெண். ஏறினால் ஏழையல்ல! ஆண்டு முழுதும் நாளொன்றுக்கு ஒருவேளைச் சோறு தவறாமல் கிடைத்தால் 2 மதிப்பெண். பட்டினிப் பரீட்சையில் பாதித் தேர்ச்சி! நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு காட்சியை நான் எழுதியிருந்தால், மிகையென்று நீங்களே எழுந்து போயிருப்பீர்கள்.

எண்ணிக்கை எடுப்பதில் என்ன கேடு என்பர் சிலர். எண்ணட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? எண்ணிய கோட்டையே வாயிற்கதவாக்கியதில்தான் கேடு. 1995-இல் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது, மாதம் 75 ரூபாய் "ஆதரவற்ற" முதியவருக்கு என்றது விதி. 2007-இல் அச்சொல் போயிற்று. "வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தவர்" என்ற சொல் வந்தது. பழைய சொல்லிலும் அதிகாரியின் மனம்போன போக்குக்கு இடமிருந்தது, மெய்தான். ஆயினும் அது முதியவரின் முகத்தைப் பார்க்கச் சொன்னது. புதிய சொல்லோ பட்டியலைப் புரட்டச் சொல்கிறது! திண்ணையில் முடங்கிக் கிடக்கிறாள் தாய். மகன் குடும்பம் பட்டியலில் இல்லை. ஆகவே அவளும் ஏழையல்லளாம்! பட்டியலில் இருந்தால் மட்டும் வாழ்ந்துவிட்டாளா? 2006-இல் 200 ரூபாயாக்கினர் மத்திய அரசின் பங்கை. 80 வயதை எட்டாதவர்க்கு 2023-இலும் அதே 200!

அரசியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? முதுமை, நோய், உடற்குறை, வேலையின்மை ஆகியவற்றில் அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. நாளுக்கு இத்தனை ரூபாய் என்று அதில் எங்கும் இல்லை. 1997-இல் மத்திய அரசு அரிசிக்குக் கோடு கிழித்தபோதும், தமிழகம் எல்லார்க்கும் என்றே நின்றதை அறிவீர்கள்.

உணவு உரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் சரியான பொருளைக் கண்டது. 2001-இல், முதியோர் உதவித்தொகை உள்ளிட்ட திட்டங்களைச் சட்ட உரிமையாக்கியது. 2003 மே 2-இல், துணையற்ற விதவைகள், பிழைப்புக்கு உறுதியான வழியற்ற முதியோர், ஊனமுற்றோர் உள்ள குடும்பங்கள் ஆகியோரைப் பெயர் சுட்டி, அந்தியோதயா அட்டை தருக என்று ஆணையிட்டது. வாழும் நிலையைப் பார்த்த தீர்ப்பு அது! உதவித்தொகை விதியும் அவ்வாறே திருத்தப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதே வழக்கில், 2011 செப்டம்பரில், திட்டக்குழு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், சிற்றூரில் 26 ரூபாய். உணவு, கல்வி, மருத்துவம் அனைத்துக்கும் அது போதுமாம்!